எதிர்ப்பு வாக்கே இல்லாமல் தோற்ற தீர்மானம்: நீதிபதி பதவிநீக்கத்தில் வாக்குகளை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

கேள்வி (சட்டக்கல்லூரி மாணவி, மூன்றாம் ஆண்டு)

அனைவருக்கும் வணக்கம். அரசமைப்புச் சட்டப் பாடத்துக்காக நீதிபதிகளைப் பதவியிலிருந்து நீக்கும் நடைமுறையைப் படித்துவருகிறேன். 1993ஆம் ஆண்டு மே 11 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி வி. ராமசாமி மீதான பதவிநீக்கத் தீர்மானம் மக்களவையில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டபோது, ஆதரவாக 196 வாக்குகள் விழுந்தன என்றும், எதிராக ஒரு வாக்கும் விழவில்லை என்றும், அப்படியிருந்தும் தீர்மானம் தோற்றது என்றும் படித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். 124(4)ஆம் பிரிவு, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும் என்கிறது. வாக்களித்தவர்கள் அனைவருமே ஆதரித்திருக்கும்போது அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டதுதானே?

இதையொட்டி இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. அவை கூடுவதற்கான குறைவெண் மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்குதான் என்று 100ஆவது பிரிவு சொல்கிறது. அப்படியானால் 55 பேர் மட்டும் இருக்கும் மக்களவை ஒரு நீதிபதியை நீக்கிவிட முடியுமா? அடுத்து, குற்றச்சாட்டை விசாரிக்கும் மூவர் குழுவில் ஒருவர் மாறுபட்டால் என்ன ஆகும்? வாக்களிக்காமல் இருப்பது எதிர்த்து வாக்களிப்பதற்குச் சமம் என்று வகுப்பில் ஒரு சாராரும், அது நடுநிலைதான் என்று மறுசாராரும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1 (வழக்கறிஞர், மதுரை)

வணக்கம். நீங்கள் 124(4)இல் பாதியைத்தான் மேற்கோள் காட்டியிருக்கிறீர்கள்; தீர்மானம் தோற்றது மற்றப் பாதியில். அந்தப் பிரிவு இரண்டு பூட்டுகளைப் போடுகிறது. வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஆதரவு என்பது ஒன்று. அவையின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் பெரும்பான்மை என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வாக்கெடுப்பில் திறந்தாக வேண்டும். மொத்த உறுப்பினர் எண்ணிக்கை என்றால் அன்று வந்தவர்களின் எண்ணிக்கை அல்ல. காலியாக உள்ள இடங்களையும் வராதவர்களையும் சேர்த்து அவையின் முழு எண்ணிக்கை. மக்களவை 543 இடங்களைக் கொண்டது என்று வைத்துக்கொண்டால் 272 ஆதரவு வாக்குகள் தேவை. 1993இல் கிடைத்தவை 196. முதல் பூட்டு முழுமையாகத் திறந்தது, இரண்டாவது அசையவே இல்லை.

அன்று அவையில் இருந்துகொண்டே வாக்களிக்காதவர்கள் 205 பேர். ஆளுங்கட்சியான காங்கிரசைச் சேர்ந்தவர்களும் அதன் தோழமைக் கட்சியினருமே அவர்களில் பெரும்பாலோர். அவர்கள் எழுந்து எதிர்த்து வாக்களித்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. 401 பேரில் 196 என்பது மூன்றில் இரண்டு பங்கை எட்டாது. ஆகவே விளைவை மட்டும் பார்த்தால் உங்கள் வகுப்பின் முதல் சாரார் சொல்வதே சரி: மொத்த எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்ட வாக்கெடுப்பில் வாக்களிக்காதவர், வராதவர், இன்னும் தேர்ந்தெடுக்கப்படாதவர் ஆகிய மூவருமே எதிர்த்தவர்களின் கணக்கில்தான் சேர்கிறார்கள். ஆனால் பொறுப்பு என்று பார்த்தால் பெரிய வேறுபாடு உண்டு. விசாரணைக் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பிக்கப்பட்டதாக அறிக்கை தந்திருந்த நிலையில், அந்த நீதிபதி குற்றமற்றவர் என்று சொல்லி வாக்களிக்க ஒருவரும் முன்வரவில்லை. குற்றமற்றவர் என்று எவரும் சொல்லாமலேயே அவர் பதவியில் நீடித்தார். 1994 பிப்ரவரியில் வழக்கம்போல் ஓய்வும் பெற்றார். வாக்களிக்காமல் இருப்பது நடுநிலை என்று சொல்வதை இந்தக் காரணத்தாலேயே நான் ஏற்பதில்லை.

இரண்டு பூட்டுகளில் எது எப்போது உண்மையில் தடுக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். 543 பேர் கொண்ட அவையில் 408 பேர் அல்லது அதற்குக் குறைவானவர்கள் வாக்களித்தால் மூன்றில் இரண்டு பங்கு என்பது 272ஐத் தாண்டாது. அப்போது மொத்த எண்ணிக்கைப் பெரும்பான்மைதான் உண்மையான தடை. 408ஐத் தாண்டிய பிறகு மூன்றில் இரண்டு பங்கு மேலே ஏறத் தொடங்குகிறது. 543 பேரும் வாக்களித்தால் 362 வேண்டும். அதாவது வருகை குறைவாக இருக்கும் நாளில் ஒரு சிறு கூட்டம் நீதிபதியை நீக்கிவிடக்கூடாது என்பதற்காக ஒரு பூட்டு. வருகை நிறைவாக இருக்கும் நாளில் வெறும் ஆளுங்கட்சிப் பெரும்பான்மை மட்டும் போதுமானதாகிவிடக்கூடாது என்பதற்காக மற்றொன்று.

உங்கள் குறைவெண் ஐயத்துக்கும் இதிலேயே விடை இருக்கிறது. 55 பேர் இருந்தால் அவை கூடலாம், பேசலாம், தீர்மானத்தை விவாதத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் 55 பேரும் ஒருமித்து ஆதரித்தாலும் 272க்கு எட்டாது. குறைவெண் அவைக் கதவைத் திறக்கும் சாவி மட்டுமே.

இன்னொன்றையும் சேர்த்துப் படியுங்கள். இரண்டு அவைகளும் ஒரே கூட்டத்தொடரில் இதை நிறைவேற்ற வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி சௌமித்ர சென் மீதான தீர்மானத்தை மாநிலங்களவை 2011 ஆகஸ்ட் 18 அன்று நிறைவேற்றியது. ஆதரித்தவர்கள் 189 பேர், எதிர்த்தவர்கள் 20க்கும் குறைவு. 245 பேர் கொண்ட அவையில் தேவைப்பட்டது 123தான் என்பதால் இரண்டு நிபந்தனைகளும் எளிதாக நிறைவேறின. அதற்கு முந்தைய நாள் அவரே அவைக்கு வந்து தம் தரப்பை எடுத்துரைத்தார். மக்களவை தீர்மானத்தை எடுத்துக்கொள்ளும் முன்பே, செப்டம்பர் 1 அன்று அவர் பதவி விலகிவிட்டதால் அத்துடன் அது நின்றது.

மறுமொழி 2 (ஓய்வுபெற்ற சட்டமன்றச் செயலக அலுவலர், சென்னை)

மதுரை வழக்கறிஞர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது; ஒரு எண்ணை மட்டும் திருத்த வேண்டும். 1993இல் மக்களவையின் மொத்த எண்ணிக்கை 543 அல்ல, 545. ஆங்கிலோ இந்தியர்களில் இருவர் அப்போது நியமிக்கப்பட்டு வந்தனர். 104ஆவது திருத்தம் 2020இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்த நியமனம் நின்றது. எனவே அன்று தேவைப்பட்டவை 273 வாக்குகள். முடிவு மாறாது என்றாலும் தேர்வுத்தாளில் 272 என்று எழுதினால் மதிப்பெண் போகும்.

‘வந்திருந்து வாக்களித்தவர்கள்’ என்ற தொடரில் ‘வாக்களித்தவர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லுக்கு எவ்வளவு எடை என்பதைக் காண அமெரிக்காவுடன் ஒப்பிடலாம். அங்கே கூட்டாட்சி நீதிபதி மீது பிரதிநிதிகள் சபை சாதாரணப் பெரும்பான்மையில் குற்றம் சுமத்துகிறது. செனட் வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரின் இசைவுடன் தண்டிக்கிறது. அங்கே ‘வந்திருக்கும்’ என்பது மட்டும்தான் உண்டு. இருக்கையில் அமர்ந்துகொண்டு வாய் திறக்காதவரும் வகுக்கும் எண்ணில் சேர்ந்துவிடுவார். 1993இன் எண்களை அந்த அளவுகோலில் வைத்தால், 401 பேரில் 268 வேண்டியிருந்திருக்கும். நம்முடைய இரண்டாவது பூட்டே தேவையில்லாமல் தீர்மானம் முதல் பூட்டிலேயே விழுந்திருக்கும்.

இனி மூவர் குழு பற்றி. பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும் கவனிப்பது அவை வாக்கெடுப்பை. ஆனால் பெரும்பாலான வழக்குகள் அதற்கு வெகு முன்பே முடிந்துவிடுகின்றன, அதுவும் மிகச் சிறிய எண்களில். நீதிபதிகள் விசாரணைச் சட்டம், 1968இன்படி மக்களவையில் நூறு பேருக்கோ மாநிலங்களவையில் ஐம்பது பேருக்கோ குறையாமல் கையொப்பமிட்டு அறிவிப்புத் தர வேண்டும். அதை ஏற்பதா மறுப்பதா என்று முடிவு செய்பவர் அவைத்தலைவர் ஒருவரே. அங்கே வாக்கெடுப்பே கிடையாது. 2018இல் அப்போதைய இந்தியத் தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா மீது தேவைக்கு மேல் கையொப்பங்களுடன் தரப்பட்ட அறிவிப்பை மாநிலங்களவைத் தலைவர் வெங்கையா நாயுடு ஏப்ரல் 23 அன்று மறுத்ததும், எந்த அவையும் வாக்களிக்காமலேயே அது முடிந்தது.

ஏற்றுக்கொள்ளப்பட்டால் மூவர் குழு அமையும்: உச்ச நீதிமன்றத்திலிருந்து ஒருவர், உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளில் ஒருவர், புகழ்பெற்ற சட்ட அறிஞர் ஒருவர். ராமசாமி வழக்கில் நீதிபதி பி.பி. சாவந்த், பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி பி.டி. தேசாய், ஓய்வுபெற்ற நீதிபதி ஓ. சின்னப்ப ரெட்டி ஆகியோர் இருந்தனர். 2025 ஆகஸ்டில் நீதிபதி யஷ்வந்த் வர்மா தொடர்பாக மக்களவைத் தலைவர் அமைத்த குழுவில் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் அப்போதைய தலைமை நீதிபதி இடம்பெற்றார். இரண்டு அவைகளிலும் ஒரே நாளில் அறிவிப்பு தரப்பட்டால், இரண்டிலும் ஏற்கப்பட்ட பிறகே குழு அமைக்க வேண்டும், அதையும் இரு தலைவர்களும் சேர்ந்தே அமைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவில் இருக்கிறது.

மாணவி கேட்டது ஒருவர் மாறுபட்டால் என்ன ஆகும் என்பது. அந்தச் சட்டத்தின்கீழ் வந்த 1969ஆம் ஆண்டின் விதிகளில் 9ஆவது விதியைப் படியுங்கள். முதல்முறை படித்தபோது நான் இரண்டு தடவை திரும்பிப் படித்தேன். குழுவில் ஒருமித்த கருத்து இல்லையென்றால் அறிக்கை பெரும்பான்மையினரின் முடிவுப்படி அமையும். இருவர் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டது என்றும் மூன்றாமவர் இல்லை என்றும் சொன்னால், மூன்றாமவரின் கருத்தும் அறிக்கையுடன் சேர்ந்து அவைகளின் முன் வைக்கப்படும். இருவர் குற்றமில்லை என்று சொல்லி மூன்றாமவர் குற்றம் உண்டு என்று சொன்னாலோ, அந்த மாறுபட்ட கருத்தை நாடாளுமன்றத்துக்கோ வேறு எந்த அதிகாரியிடமோ நபரிடமோ குழு வெளியிடவே கூடாது. நீதிபதிக்குச் சாதகமான மாறுபாடு வெளியே வரும். பாதகமான மாறுபாடு புதைக்கப்படும். இதற்குக் காரணம் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆவது பிரிவில் இருக்கிறது: குற்றம் இல்லை என்று குழு சொல்லிவிட்டால் மேற்கொண்டு எந்த நடவடிக்கையும் கிடையாது, அவையில் நிலுவையிலுள்ள தீர்மானமும் அத்துடன் முடிகிறது. முடிந்துவிட்ட ஒரு வழக்கில் ஒரு நீதிபதியின் தலைமேல் ஒற்றை உறுப்பினரின் குற்றத்தீர்ப்பு தொங்கிக்கொண்டிருக்கக்கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். நியாயமான காரணம்தான்; ஆனாலும் மூவரில் இருவருடைய வாக்கு முழு அவையின் வாக்கைத் தேவையற்றதாக்கிவிடும் இடம் இது. 2015இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் மீது ஏற்கப்பட்ட தீர்மானம் குழுவின் அறிக்கைக்குப் பிறகு இப்படித்தான் முடிந்தது.

மறுமொழி 3 (யாழ்ப்பாணத்து வாசகர்)

வணக்கம். நீங்கள் குறைவெண் என்பதை நாங்கள் இங்கே கூட்ட நடப்பெண் என்போம்; இலங்கைப் பாராளுமன்றத்துக்கு அது இருபது. அதுபோல எங்கள் நாட்டில் உயர் நீதிமன்றம் என்றால் உச்சியில் உள்ள நீதிமன்றம். இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு கீழுள்ளதைப் படியுங்கள்.

இந்தியாவில் பூட்டு இரண்டு என்றால் இங்கே ஒன்றுதான். அரசியலமைப்பின் 107ஆம் உறுப்புரைப்படி மொத்த உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர், அதாவது 75 பேர், கையொப்பமிட்டு அறிவித்தல் கொடுக்க வேண்டும். பிறகு சமுகமளிக்காதவர்கள் உட்பட மொத்த உறுப்பினர்களில் பெரும்பான்மை, அதாவது 225இல் 113 பேர், ஆதரித்தால் போதும். மூன்றில் இரண்டு பங்கு என்ற நிபந்தனை கிடையாது. பெரும்பான்மையுள்ள எந்த அரசாங்கமும் குறைந்தது 113 பேரை வைத்திருக்கும் என்பதால், எதிர்க்கட்சியில் ஒருவரது துணையும் இல்லாமல் ஒரு பிரதம நீதியரசரை அகற்றலாம் என்பதே இதன் பொருள்.

2012 நவம்பரில் பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்கவுக்கு எதிராக 117 உறுப்பினர்கள் கையொப்பமிட்டனர். கவனியுங்கள், கையொப்பமிட்டவர்களே இறுதி வாக்கெடுப்புக்குத் தேவையான எண்ணிக்கையைத் தாண்டிவிட்டார்கள். விசாரணை தொடங்குவதற்கு முன்பே முடிவுக்கான வாக்குகள் சேர்ந்துவிட்ட ஒரு வழக்கை விசாரணை என்று அழைப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு.

குற்றச்சாட்டுகளை ஆராய்ந்தது நீதிபதிகளின் குழு அல்ல, நிலையியற் கட்டளை (பாராளுமன்றம் தன் நடப்புக்கு வகுத்துக்கொண்ட விதி) 78அ இன்கீழ் நியமிக்கப்பட்ட பாராளுமன்றத் தெரிவுக்குழு. பதினொருவரில் ஏழு பேர் அரசாங்கத் தரப்பினர், நால்வர் எதிர்க்கட்சியினர். அந்த நால்வரில் இரா. சம்பந்தன் ஐயாவும் ஒருவர். பிரதம நீதியரசர் நியாயமான விசாரணை இல்லை என்று கூறி வெளியேறிய பின், டிசம்பர் 7 அன்று நால்வரும் விலகினர். மிஞ்சிய ஏழு பேரும் மறுநாளே மூன்று குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்பட்டதாக அறிக்கை கொடுத்துவிட்டனர். அந்தக் கட்டளைப்படி தெரிவுக்குழுவை நியமிக்கும்போது ஏழு பேருக்குக் குறையக்கூடாது. எஞ்சியவர்களின் எண்ணிக்கையும் சரியாக ஏழுதான். எண்ணிக்கையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே தரப்பினர். நடப்பெண் எத்தனை பேர் என்று மட்டுமே கேட்கும், எவரெவர் என்று கேட்காது என்பதை அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

2013 ஜனவரி 1 அன்று, நீதியரசர் ஒருவரின் தவறு நிரூபிக்கப்பட்டதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தைச் சட்டத்தின் மூலமே வழங்க முடியும், நிலையியற் கட்டளையால் முடியாது என்று உயர் நீதிமன்றம் பொருள்கோடல் செய்தது. அதைப் பின்பற்றி மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை இரத்துச் செய்தது. பாராளுமன்றம் இவற்றைப் பொருட்படுத்தாமல் ஜனவரி 11 அன்று வாக்கெடுத்தது: ஆதரவாக 155, எதிராக 49. இரண்டு நாளில் அவர் அகற்றப்பட்டார். பின்னர் 2014இல் ஐவர் அடங்கிய உயர் நீதிமன்றக் குழாம் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை இரத்துச் செய்தது. 2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் அவர் மீண்டும் ஒரே ஒரு நாள் பிரதம நீதியரசராக அமர்ந்து மறுநாள் ஓய்வுபெற்றார்.

155 என்பது 225இல் மூன்றில் இரண்டு பங்கைவிடவும் அதிகம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே இந்தியாவின் இரண்டு பூட்டுகளும் இங்கே இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்று எண்ண வேண்டாம், அவையும் திறந்திருக்கும். அங்கே இருந்து இங்கே இல்லாமற்போனது நீதிபதிகள் அடங்கிய மூவர் குழுதான்.

கேட்டவர் மீண்டும்

மூவருக்கும் மிக்க நன்றி. 273 என்பதைக் குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு ஐயம் மிஞ்சுகிறது. 1991இல் அறிவிப்பைத் தந்தது ஒன்பதாவது மக்களவை. 1993இல் வாக்களித்தது பத்தாவது மக்களவை. அவை கலைந்த பிறகும் அந்தக் கையொப்பங்கள் எப்படிச் செல்லுபடியாகும்? கையொப்பமிட்டவர்களில் பலர் மறுபடி வென்றிருக்கவே மாட்டார்களே?

மறுமொழி 4 (வழக்கறிஞர், மதுரை)

முதலில், 545 பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். இன்றைய எண்ணைக் கொண்டு பழைய வாக்கெடுப்பைக் கணக்கிட்டது என் பிழை.

நீங்கள் கேட்டதையே அன்றைய ஒன்றிய அரசும் வாதமாக வைத்தது. 108 உறுப்பினர்கள் கையொப்பமிட்ட அறிவிப்பை மக்களவைத் தலைவர் ரவி ராய் 1991 மார்ச் 12 அன்று ஏற்றுக் குழுவை அமைத்த மறுநாளே அவை கலைந்தது. தீர்மானம் காலாவதியாகிவிட்டது என்பது அரசின் நிலைப்பாடு. உச்ச நீதிமன்றத்தின் அரசமைப்பு அமர்வு 1991 அக்டோபர் 29 அன்று அதை ஏற்க மறுத்தது. கையொப்பமும், அவைத்தலைவர் ஏற்பதும், குழு விசாரணையும் 124(5)இன்கீழ் இயற்றப்பட்ட 1968ஆம் ஆண்டுச் சட்டத்தால் நடப்பவை. அவையின் உள்நடப்பைச் சார்ந்தவை அல்ல. குழு அறிக்கை தந்து அவை தீர்மானத்தை எடுத்துக்கொள்ளும் கட்டத்தில்தான் நாடாளுமன்ற நடைமுறை தொடங்குகிறது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். எனவே கையொப்பங்கள் கதவைத் தட்டும் நேரத்தில் எண்ணப்பட்டால் போதும். அதன் பிறகு அவற்றைப் போட்டவர்கள் அவையில் இருக்கிறார்களா என்று எவரும் திரும்ப எண்ணுவதில்லை. வாக்குகள் மட்டுமே வாக்கெடுக்கும் நாளில் அவை எத்தனை பேர் கொண்டதோ அந்த எண்ணைக்கொண்டு அளக்கப்படுகின்றன.

யாழ்ப்பாண நண்பரின் கடைசிப் பத்தியோடு பெரிதும் உடன்படுகிறேன். ஆனால் ஒரு மாறுபாடு. இங்கே நீதிபதிகள் அடங்கிய குழு 11 குற்றச்சாட்டுகளை மெய்ப்பித்த பிறகும் 205 பேர் அமைதியாக அமர்ந்திருந்தே அதைச் செல்லாததாக்கினார்கள். அங்கே அத்தகைய குழு இல்லாமலேயே 155 பேர் ஒருவரை அகற்றினார்கள். மொத்த உறுப்பினர் எண்ணிக்கை என்ற பூட்டை நீக்கச் சொல்ல மாட்டேன். அதை நீக்கினால் 55 பேர் பற்றிய மாணவியின் அச்சம் உண்மையாகிவிடும். நீதிபதிகள் குழு குற்றம் உண்டு என்று சொன்ன பிறகு நடக்கும் வாக்கெடுப்பில், வந்திருந்தும் வாக்களிக்காத ஒவ்வொருவரும் அதற்கான காரணத்தை அவைக்குறிப்பில் எழுதித் தர வேண்டும் என்று 1968ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம்.